விருதுக் கோப்பும் வயற்கரைக் கிணறும்: வன்னியில் தொண்டர் கழகங்கள் மதிப்பிடப்படும் விதம்

ரோட்டரி, லயன்ஸ் ஆகிய இரு சர்வதேசத் தொண்டு அமைப்புகளுக்கும் பணியாண்டு ஜூலை 1ஆம் திகதி தொடங்கி ஜூன் 30ஆம் திகதி முடிகிறது. இதனால் இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள அவற்றின் கழகச் செயலாளர்கள் மே மாதம் பிறந்ததுமே படங்களைத் தேடியெடுத்து, பற்றுச்சீட்டுகளை ஒழுங்குபடுத்தி, விருதுக்கான ஆண்டறிக்கைக் கோப்பைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இவற்றுக்கு வெளியே, கிராமங்கள்தோறும் இளைஞர் கழகங்களும் சனசமூக நிலையங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சமூகப் பணியில் ஈடுபடும் விளையாட்டுக் கழகங்களும் இருக்கின்றன. அவற்றுக்கும் பிரதேச மட்டத்திலோ மாவட்ட மட்டத்திலோ ‘சிறந்த கழகம்’ என்ற தெரிவு நடப்பதுண்டு. மேடையில் கேடயம் கைமாறும் அந்த ஒரு நிமிடத்தை எல்லோரும் பார்க்கிறோம். அந்தக் கேடயம் யாருக்குப் போக வேண்டும் என்று எவ்வாறு முடிவு செய்யப்பட்டது என்பதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. நடுவர்கள் நேர்மையானவர்களாக இருப்பது மட்டும் போதாது. எதற்குப் புள்ளி கொடுக்கிறோம், எந்த இடத்தில் நின்று பார்க்கிறோம், கொடுத்த புள்ளிகளை எப்படிக் கூட்டுகிறோம் என்ற மூன்றும் சேர்ந்தே வெற்றியாளரைத் தீர்மானிக்கின்றன. வன்னியில் இந்த மூன்றுமே கோப்புச் செய்யத் தெரிந்த கழகத்தின் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதே என் கருத்து.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் மூவர் கொண்ட ஒரு தெரிவுக் குழுவில் நானும் அமர்ந்திருந்தேன். எங்கள் மேசையில் இருந்தவற்றுள் ஒன்று வண்ண அச்சில், சுருள் கட்டுப் போட்டு, ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் தனிப் பக்கம் ஒதுக்கி அமைத்த கோப்பு. இன்னொன்று நாற்பது பக்கப் பயிற்சிக் கொப்பி. அந்தக் கொப்பியில் திகதி, கிணற்றுச் சொந்தக்காரரின் பெயர், வேலைக்கு வந்தவர்களின் கையொப்பம் ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. வெள்ளம் வடிந்த பின்னர் அந்தக் கழகத்துப் பிள்ளைகள் வயற்கரையோரக் கிணறுகளை ஒவ்வொன்றாக இறைத்து, சேறு அள்ளி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவில் குளோரின் இட்டிருந்தார்கள். ‘ஆவணப்படுத்தல்’ என்ற தலைப்பின் கீழ் அவர்களுக்கு மிகக் குறைந்த புள்ளி கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். கேடயம் வண்ணக் கோப்புக்குப் போனது. பின்னர் வேறொரு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது, அந்தக் கிணறொன்றில் அள்ளிய தண்ணீரைத்தான் எனக்குக் குடிக்கத் தந்தார்கள். நான் செய்த தவறு எது என்பதை அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். இந்தக் கட்டுரை அதிலிருந்தே பிறந்தது.

முதலில் போட்டியாளர்களுக்கு இடையிலுள்ள ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேண்டும். வவுனியா நகரில் வைத்தியர்களும் வங்கி முகாமையாளர்களும் வர்த்தகர்களும் அங்கத்தவர்களாக இருக்கும் ஒரு கழகத்துக்கு, கூட்டம் கூட மண்டபமும் அறிக்கை தட்டச்சுச் செய்ய ஆளும் அனுசரணை வழங்கக் கடைகளும் நடை தூரத்தில் இருக்கின்றன. துணுக்காயிலோ மாந்தை கிழக்கிலோ பூநகரியிலோ உள்ள ஒரு கிராமக் கழகத்துக்கு ஒரு கடிதத்தை அச்சிட்டு எடுப்பதற்கே அரை நாள் போய்விடும். 2009இல் போர் முடிந்த பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து மக்கள் கட்டம் கட்டமாக ஊர் திரும்பினார்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. ஆகவே பல கிராமங்களில் கழகம் என்பது பழைய பதிவேடு, பழைய கட்டடம், பழைய சேமிப்பு எதுவுமில்லாமல் வெறும் காணியில் மீண்டும் தொடங்கப்பட்ட ஒன்று. இப்படிப்பட்ட இரு கழகங்களை ஒரே தாளில் வைத்து, மொத்தப் பயனாளிகள் எத்தனை பேர், செலவிடப்பட்ட தொகை எவ்வளவு என்று கேட்டால் விடை கேள்வியிலேயே எழுதப்பட்டிருக்கும்.

விருதுகளில் இரண்டு வகை உண்டு என்பதும் நம்மிடையே தெளிவாகப் பேசப்படுவதில்லை. ஒன்று, குறித்த அளவை எட்டிய எல்லோருக்கும் கிடைப்பது. ரோட்டரி அமைப்பு தன் கழகங்களுக்குச் சில ஆண்டுகளாக வழங்கிவந்த வருடாந்தப் பாராட்டு இந்த வகையைச் சேர்ந்தது: கழகம் ஆண்டின் தொடக்கத்திலேயே தன் இலக்குகளைத் தெரிவுசெய்து பதிவு செய்தது, 25 இலக்குகளில் குறைந்தது 13ஐ ஜூன் 30இற்குள் எட்டினால் பாராட்டுக் கிடைத்தது. அங்கே ஒரு கழகம் வெல்வதற்கு இன்னொரு கழகம் தோற்க வேண்டியிருக்கவில்லை. மற்றது, ஒருவரை முதலாமவர் என்று தெரிவு செய்வது. நம் மாவட்டங்களில் நடப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகையாகத் தொடங்கி, யாருடைய மனமும் நோகக் கூடாது என்ற எண்ணத்தில் மேடையேறும்போது முதல் வகையாக மாறிவிடுகின்றன. சிறந்த இரத்ததானம், சிறந்த சிரமதானம், சிறந்த செயலாளர், சிறந்த அறிக்கை என்று தலைப்புகள் பெருகி எல்லோர் கையிலும் ஏதோ ஒரு கேடயம் இருக்கும். அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அளவை எட்டியவர்களுக்கெல்லாம் சான்றிதழ் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒப்பிட்டுத் தெரிவுசெய்யும் விருதை ஒன்றோ இரண்டோ என்று நிறுத்திக்கொள்வது இரு தரப்புக்கும் மரியாதையாக இருக்கும்.

அடுத்தது, எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி. சேவையின் பயனை அறிந்தவர் வகுத்த அளவுகோலும் மேசையில் இருந்து வகுத்த அளவுகோலும் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு இரத்ததானம் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கழகம் தன் ஆண்டு நிறைவு நாளில் ஒரே முகாமில் 150 பேரிடமிருந்து இரத்தம் பெற்றுக் கொடுக்கிறது என்றும், இன்னொரு கழகம் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை 50 பேர் வீதம் ஆண்டில் மூன்று முகாம்கள் நடத்துகிறது என்றும் வைத்துக்கொள்வோம். தொகை இரண்டிலும் 150தான். முதலாவது முகாமின் படம் பெரிதாக இருக்கும்; ‘பாரிய செயற்றிட்டம்’ என்ற தலைப்பில் அதற்கே கூடுதல் புள்ளி விழும். ஆனால் வைத்தியசாலையின் பக்கத்திலிருந்து பாருங்கள். பிரித்தெடுத்த செங்குருதிக் கலங்களை 35 முதல் 42 நாட்கள் வரையும், குருதிச் சிறுதட்டுகளை ஏறத்தாழ ஐந்து நாட்கள் மட்டுமே வைத்திருக்கலாம். ஒருவர் ஒரு தடவை கொடுத்தபின் மீண்டும் கொடுக்க இலங்கையில் நான்கு மாத இடைவெளி வேண்டும். ஆகவே ஒரே நாளில் குவியும் 150ஐவிட, ஆண்டு முழுவதும் பரவி வரும் 150 இரத்த வங்கிக்குக் கூடுதலாக உதவும். புள்ளித்தாளில் ‘எத்தனை பேர்’ என்பதோடு ‘எத்தனை தடவை, என்ன இடைவெளியில்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அந்த இரண்டாவது கழகத்தின் உழைப்பு கண்ணில் படும்.

மரநடுகையில் இதே பிழை வேறு உருவில் வருகிறது. அது நம் பருவகாலத்தோடு சேர்ந்தது. வன்னிக்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான வாடைக்காலத்தில் கிடைக்கிறது. கழகங்கள் நவம்பரில் கன்றுகள் நடுகின்றன. ஜூனில் எண்ணிக்கையை எழுதுகின்றன. ஜூனோடு பணியாண்டு முடிகிறது. கன்று உண்மையில் சோதிக்கப்படுவது அதற்குப் பிறகு, ஜூலை முதல் செப்டெம்பர் வரை சோளகம் எனப்படும் தென்மேற்குக் காற்று மண்ணை உலர்த்தி, குளங்கள் வற்றி, கட்டாக்காலி மாடுகள் பச்சை தேடி அலையும் மாதங்களில். நட்ட கன்றுகளில் எத்தனை நின்றன என்று சொல்லும் விடை விருது விழாவுக்குப் பின்னர்தான் வருகிறது. ஆகவே மரநடுகைக்கான புள்ளியை நட்ட ஆண்டில் கொடுக்காமல், அடுத்த ஆண்டில், ஒரு கோடையைத் தாண்டி உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணிக் கொடுப்பதே பொருத்தம். ஆயிரம் கன்று நட்ட கழகமும், நூறு கன்று நட்டு ஒவ்வொன்றுக்கும் முள்வேலி கட்டித் தண்ணீர் ஊற்ற முறைவைத்த கழகமும் அப்போது தத்தம் உண்மையான இடத்துக்கு வந்துவிடும்.

கண் சிகிச்சை முகாம்களும் அப்படித்தான். பார்வையிழப்புத் தடுப்பு லயன்ஸ் அமைப்பின் மிகப் பழைய அக்கறைகளுள் ஒன்று. பார்வையும் செவிப்புலனும் இழந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1925இல் லயன்ஸ் அங்கத்தவர்களிடம் நேரில் விடுத்த வேண்டுகோளிலிருந்து அது வளர்ந்தது. முகாமில் 300 பேரைப் பரிசோதித்தோம் என்பது ஒரு எண். அவர்களுள் கண்புரை இருப்பதாகக் கண்டறியப்பட்ட முதியவர்களில் எத்தனை பேர் சத்திரசிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், உடன் போக ஆளில்லாதவர்களை யார் கூட்டிச் சென்றார்கள், கட்டு அவிழ்த்த பிறகு யார் போய்ப் பார்த்தார்கள் என்பவை வேறு எண்கள். கோப்பில் பெரும்பாலும் முதல் எண்தான் இருக்கும், ஏனென்றால் புள்ளித்தாள் அதைத்தான் கேட்கிறது.

உலருணவுப் பொதிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கொட்டிய பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்கள் நீரில் மூழ்கியபோதும், 2022இன் பொருளாதார நெருக்கடியின்போதும் பொதிகள் பல குடும்பங்களைத் தாங்கின. அவற்றைக் குறைவாக மதிப்பிட முடியாது. ஆனால் பொதியைக் கையில் ஏந்தி, கணவனை இழந்த ஒரு தாயும் பிள்ளைகளும் கமெராவைப் பார்த்து நிற்கும் படங்கள் விருதுக் கோப்புகளில் பக்கம் பக்கமாக வருகின்றன. போரில் குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் இவ்வளவு இருக்கும் ஒரு நிலத்தில், அந்தப் படம் ஊரெல்லாம் போகும் என்பது கொடுப்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்கு மறுக்கும் பலமில்லை. பயனாளியின் முகம் தெரியும் படத்துக்குப் புள்ளி இல்லை என்று நடுவர் குழு ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்த ஆண்டே அந்தப் படங்கள் குறைந்துவிடும். வழங்கியதற்குச் சான்றாகக் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய பட்டியல் இருந்தால் போதுமானது. அதுவும் நடுவரின் கண்ணுக்கு மட்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளின் பணமும் அளவுகோலைக் குழப்புகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பெருந்தொகையில் துவிச்சக்கர வண்டிகள் வாங்கி வழங்கிய கழகம் செய்ததும் நல்ல காரியமே. எனினும் அதில் கழகத்தின் பங்கு, சரியான பிள்ளைகளைத் தெரிந்தெடுத்ததும் கணக்கை ஒழுங்காக வைத்ததும் ஆகும். அந்தப் பங்குக்கே புள்ளி கொடுக்க வேண்டும், தொகைக்கு அல்ல. இதற்கு எதிர்முனையில், ஒரு சதமும் செலவில்லாமல் வாரத்தில் நான்கு மாலைகள் சாதாரணதர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பணி ரூபாயில் எழுதப்பட முடியாதது. மணித்தியாலத்தில் எழுதலாம். வரவுப் பதிவேட்டிலிருந்து மொத்தத் தொண்டு மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, அதை அங்கத்தவர் தொகையால் வகுத்தால், 12 பேர் கொண்ட கழகமும் 60 பேர் கொண்ட கழகமும் அருகருகே நிற்க முடியும்.

இனி, கூட்டலுக்கு வருவோம். இது வெறும் எண்கணிதம் என்று நினைத்துப் பலர் கவனியாமல் விடும் இடம். மூன்று நடுவர்கள் இரண்டு கழகங்களுக்கு நூற்றுக்குப் புள்ளி இடுகிறார்கள் என்று கொள்வோம். முதலாவது நடுவர் முதற் கழகத்துக்கு 72உம் இரண்டாவது கழகத்துக்கு 70உம் கொடுக்கிறார். இரண்டாவது நடுவர் 71உம் 68உம் கொடுக்கிறார். மூன்றாவது நடுவரோ 45உம் 85உம் கொடுக்கிறார். கூட்டினால் முதற் கழகத்துக்கு 188, இரண்டாவது கழகத்துக்கு 223. மூவரில் இருவர் முதற் கழகமே சிறந்தது என்று கருதியிருக்க, கேடயம் இரண்டாவது கழகத்துக்குப் போகிறது. இதில் யாரும் ஏமாற்றவில்லை. முதல் இருவரும் புள்ளிகளை ஒரு சிறு வரம்புக்குள் இட்டார்கள். மூன்றாமவர் பரந்த வரம்பில் இட்டார். ஆகவே அவர் ஒருவருடைய கருத்து மற்ற இருவரின் கருத்தையும் விழுங்கிவிட்டது. தாராளமாகப் போடுபவர், இறுக்கமாகப் போடுபவர் என்ற வேறுபாடு அவ்வளவு தீங்கு செய்யாது, ஏனென்றால் அது எல்லாக் கழகங்களையும் ஒரே அளவில் ஏற்றும் அல்லது இறக்கும். தீங்கு செய்வது விரிவின் வேறுபாடு.

இதற்கான மருந்து நம் நாட்டில் உயர்தரம் எழுதிய பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்ததுதான். வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை நேரே கூட்டுவது நியாயமில்லை என்பதால் 2001இலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பயன்படுத்தப்படுகிறது: ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, வருவதை, புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு விரிந்திருக்கின்றன என்று காட்டும் நியம விலகலால் வகுக்கிறார்கள். பாடத்தின் இடத்தில் நடுவரை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நடுவரும் எல்லாக் கழகங்களுக்கும் இட்ட புள்ளிகளை அந்த நடுவரின் சொந்தச் சராசரியோடும் விலகலோடும் ஒப்பிட்டு மாற்றிய பிறகு கூட்டினால், எவருடைய குரலும் மற்றவருடையதைவிட உரத்து ஒலிக்காது. ஒரு பாடசாலை மாணவி கணினியில் பத்து நிமிடத்தில் செய்து தருவாள். ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. நேரம் போதாது என்று கழகங்களை நடுவர்களுக்கிடையே பங்கிட்டுக் கொடுத்துவிட்டால் இந்த முறை பிழைத்துவிடும். நல்ல கழகங்களே தற்செயலாக ஒருவரின் பங்கில் விழுந்திருக்கலாம், அவரது சராசரியைக் கழிக்கும்போது அந்தக் கழகங்களின் தகுதியும் சேர்ந்து கழிந்துபோகும். எல்லா நடுவர்களும் எல்லாக் கோப்புகளையும் பார்க்க வேண்டும்.

அதைவிடவும் முக்கியமானது, புள்ளி இடுவதற்கு முன்னர் நடுவர்கள் ஒன்றாக அமர்வது. பரீட்சை விடைத்தாள் திருத்தும் நிலையங்களில் பணிபுரிந்த ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல: முதல்நாள் எல்லோரும் புள்ளித்திட்டத்தைச் சேர்ந்து படித்து, மாதிரி விடைத்தாள்களைத் திருத்தி, எங்கே வேறுபடுகிறோம் என்று பேசிய பிறகே வேலை தொடங்கும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மூன்றாவது நடுவர் முதற் கழகத்துக்கு ஏன் 45 கொடுத்தார்? மற்ற இருவருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். கணக்கு அவருடைய குரலை மட்டாக்கும். அவர் சொல்ல வந்ததைக் கேட்பதற்குப் பேச்சுத்தான் வேண்டும்.

ஏற்றத்தாழ்வான கழகங்களை ஒரே வரிசையில் நிறுத்துவது பற்றியும் கல்வித்துறையிடம் கற்றுக்கொள்ளலாம். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளவை. நமக்கு வாய்ப்பளித்த அதே ஏற்பாட்டை, நம்முள் பின்தங்கியவர்களுக்கு நாம் மறுக்கக் கூடாது. நகரக் கழகங்களுக்கு ஒரு பிரிவு, கிராமக் கழகங்களுக்கு ஒரு பிரிவு, பதிவு செய்து மூன்று ஆண்டு நிறையாத புதிய கழகங்களுக்கு ஒரு பிரிவு என்று வகுத்தால் பெரும்பகுதிக் குறை தீரும்.

நடுவர்களாக யாரை அழைப்பது என்பது இங்கே மிகக் கூச்சமான விடயம். வன்னியில் ஊருக்கு ஊர் உறவு உண்டு. உறவில்லாதவர் ஒரே பாடசாலையில் படித்தவராகவோ, ஒரே கோயில் திருவிழாவில் உபயகாரராகவோ, ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவராகவோ, ஒரே முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவராகவோ இருப்பார். உறவே இல்லாத நடுவரைத் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார். ஆனால் இதற்கும் நம் மரபில் ஒரு தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் விதிகளைச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவருடைய தந்தைவழி, தாய்வழி, மனைவிவழி உறவினர் யார் யார் பெயரை இடக்கூடாது என்பதையும் அவை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கின்றன. ‘நெருங்கிய உறவு’ என்று பொதுவாகச் சொல்லி விட்டிருந்தால் ஆளுக்கொரு பொருள் கொண்டிருப்பார்கள். உறவுகளைப் பெயர் சொல்லி எழுதியதனால் விதி நின்றது. நாமும் அப்படியே, இன்ன உறவுள்ள கழகத்துக்குப் புள்ளி இடமாட்டேன் என்று ஒவ்வொரு நடுவரும் கோப்பைத் திறக்குமுன் எழுதிக் கையொப்பமிடச் செய்யலாம். இயன்றால் மாவட்டங்கள் நடுவர்களை மாற்றிக்கொள்ளலாம்: கிளிநொச்சிக்கு மன்னாரிலிருந்தும், முல்லைத்தீவுக்கு வவுனியாவிலிருந்தும். விழாவுக்கு அனுசரணை வழங்கியவர் நடுவர் நாற்காலியில் அமரக்கூடாது என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை.

கணக்கு வழக்கிலும் நான் சொல்வதற்கு அதிகமில்லை. பற்றுச்சீட்டும் வங்கிக் கூற்றும் கூட்டக் குறிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாத கழகம், எவ்வளவு சேவை செய்திருந்தாலும் அந்த ஆண்டு தெரிவுக்கு வெளியே நிற்க வேண்டும்.

மிஞ்சியிருப்பது நேரில் போய்ப் பார்ப்பது. இறுதித் தெரிவுக்கு வந்த நான்கைந்து கழகங்களையாவது நடுவர்கள் ஊரிலே போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் கழகத்தவர்கள் மாலையோடு காத்திருக்கும் நாளில் அல்ல. தலைவரிடம் பேசுவதற்கு முன்னர், செயற்றிட்டத்தால் பயன்பெற்றதாக எழுதப்பட்டிருக்கும் வீடுகளில் இரண்டு மூன்றுக்குப் போய், “அம்மா, இந்தப் பிள்ளைகள் வந்து என்ன செய்தார்கள், பிறகு எப்போதாவது வந்தார்களா?” என்று கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையில் கோப்பில் இல்லாத பல விடயங்கள் இருக்கும். நெல் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில், வீட்டில் ஆளிருக்கும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது. விதைப்பு நாட்களிலும் அறுவடை நாட்களிலும் ஊரே வயலில்தான் இருக்கும்.

தெரிவாகாத கழகங்களுக்கு இன்று எதுவும் திரும்பிப் போவதில்லை. கோப்புக்கூடச் சில வேளைகளில் திரும்பாது. புள்ளித்தாளின் பிரதி, எந்தத் தலைப்பில் ஏன் புள்ளி குறைந்தது என்ற ஒரு வரி, நடுவர் ஊருக்கு வந்த திகதி ஆகிய மூன்றும் ஒவ்வொரு கழகத்துக்கும் விழா முடிந்த ஒரு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதோடு அடுத்த ஆண்டின் புள்ளித்திட்டமும் சேர்ந்து, புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும் ஜூலை மாதக் கூட்டத்துக்கு முன்னரே கிடைத்துவிட்டால், நவம்பர் மழைக்கு எத்தனை கன்று வைப்பது, வேலிக்கு முள் யார் வெட்டுவது, அடுத்த கோடையில் யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்பதை அந்தக் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிடலாம்.